இருநூற்று இருபத்தோராவது ஆள்

எனக்கு ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடிக்காது. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. இப்போதும் பிடிக்காது. செத்தவரைப் பற்றி எழுதாதே என்று என் வீட்டில் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். இப்போது எழுதுவதால் அவருக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. நயமாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குக் கிழக்கே. செம்மண் காடு. கடலையும் பலாவும்தான் விளைச்சல். ஐந்தாவது வரைக்கும் உள்ளூரிலேயே படித்தோம். ஆறாவதுக்கு மூன்று மைல் நடந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு எடுத்தவர் இவர்தான். டிரில் மாஸ்டரும் இவர்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். கணக்கு வகுப்பிலும் அதைக் கழற்ற மாட்டார். தப்பான விடை சொன்னால் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதுவார்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட அனுமதி வந்தது. அடிக்கல் நாட்டத் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். அதிகாரி முன்னால் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து டிரில் செய்து காட்ட வேண்டும். முந்திய வருஷம் ஒரு விழாவில் இதேபோல டிரில் நடந்தபோது, எல்லா வரிசையும் போக ஆறு பையன்கள் மிஞ்சிக் கடைசியில் அரைகுறையாக நின்றார்கள். வந்திருந்த விருந்தாளி அதைப் பார்த்து, "அது என்ன சார், வால் மாதிரி?" என்று கேட்டுவிட்டாராம். பெரிய வாத்தியாருக்கு மானம் போய்விட்டது. இந்தத் தடவை எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், வால் இருந்தால் நான் பொறுக்க மாட்டேன் என்று கணக்கு வாத்தியாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் அப்போது எட்டாவது. வயதுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பா பள்ளியை நிறுத்திவிடச் சொன்னார். அம்மா நாலு நாள் அவரோடு பேசாமல் இருந்து ஒரு முடிவு வாங்கினாள். அந்த விழா வரைக்கும் போகட்டும், பெரிய மனுஷர்கள் முன்னால் நம் பெண் எப்படி நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிப்போம் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பாவுக்குச் சபை என்றால் ஒரு மயக்கம். நாலு பேர் முன்னால் நான் நன்றாக நின்றுவிட்டால் அவர் மனசு மாறிவிடும். எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். என் படிப்பு முழுக்க அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வாத்தியார் எங்கள் எல்லோரையும் வாகை மரத்தடிக்குக் கூட்டினார். தலை எண்ணினார். 221 பேர். கரும்பலகையைத் தூக்கி வரச் சொல்லி அதில் 221 என்று எழுதினார். கணக்குப் படிப்பது எதற்கு உதவும் என்று இன்றைக்குக் காட்டுகிறேன் பாருங்கள் என்றார். இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் வரிசை பிரிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது. இதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னார்.

இரண்டால் வகுபடாது, ஒற்றைப்படை. மூன்றால் வகுபடாது, இலக்கங்களைக் கூட்டினால் ஐந்து. ஐந்தால் வகுபடாது, கடைசியில் ஒன்று. பிறகு ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து எல்லோரையும் ஒன்றாகச் சொல்லச் சொன்னார். நாங்கள் சொன்னோம். எங்கள் காலத்தில் வாய்ப்பாடு என்றால் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும்தான். ஒவ்வொரு வாய்ப்பாட்டிலும் பதினாறு வரிதான். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. கடைக்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அது போதும். எங்கள் வாத்தியாருக்கும் அது போதும் என்பதுதான் பிரச்சினை. அவரைப் பொறுத்தவரை எண்கள் எல்லாம் அந்த மெல்லிய புத்தகத்துக்குள் அடக்கம். அதில் ஓர் எண் இல்லை என்றால் அதற்குக் காரணி கிடையாது.

ஏழு முடிந்தது. பதினொன்று முடிந்தது. பதிமூன்று வந்தது. இருநூறு குரல்கள் ஒன்றாக, "பதிமூணு பதினாறு இருநூத்தி எட்டு" என்று சொல்லி வழக்கம்போல ஒரு கைதட்டலோடு நிறுத்தின. என் குரலும் அதில் இருந்தது. அடுத்த வரியைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் அடுத்த வரி இல்லை. இருநூற்று எட்டோடு பதிமூன்றைக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் நான் இன்றுவரை அவருக்கு மன்னிக்கவில்லை.

பதினாறாம் வாய்ப்பாடு முடிந்ததும் அவர் 221-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் 'பகா எண்' என்று எழுதினார்.

"பகா எண். இத எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. ஒரு ஆளு வெளிய வரணும். அப்பத்தான் 220. பத்து வரிசை, வரிசைக்கு இருபத்திரண்டு. யாரு வர்றா?"

யாரும் போகவில்லை. எல்லோரும் குனிந்து நின்றோம். நான் குனிந்தாலும் பயன் இல்லை. அந்தப் பள்ளியில் பையன்களையும் சேர்த்து நான்தான் உயரம்.

"ஏ நெட்டை. நீ வா இங்கிட்டு. ஒன்ன வரிசையில வச்சா பின்னாடி நிக்கிறவன் மூஞ்சி போட்டோவுல விழாது. நீ தண்ணிப் பானைய பாத்துக்க."

சிரித்தார்கள். பெண் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி வெளியே வரவேண்டி இருந்தது, அது நானாகிவிட்டேன், அந்த நிம்மதியில் சிரித்தார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களை விட்டுவிட்டேன்.

விழா அன்று யாராவது வராவிட்டால் நான் நிற்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். நிற்கலாம் என்றார். பன்னிரண்டு நாளும் ஒத்திகை நடந்தது. ஒருவரும் விடுப்பு எடுக்கவில்லை. சாதாரண நாளில் பத்துப் பேர் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள், கடலைக்குக் களை எடுக்கப் போய்விடுவார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் எல்லாப் பிள்ளைகளும் விடிந்ததும் வந்து நின்றார்கள். யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டினேன். எந்தப் பெயரையும் குறிப்பிட்டு வேண்டவில்லை. யாராக இருந்தாலும் சரி என்றுதான் வேண்டினேன். வீட்டில் எதையும் சொல்லவில்லை. கடைசி நாள்வரை யாராவது விழுவார்கள் என்று நம்பினேன்.

விழா அன்று அப்பா சலவை வேட்டி கட்டி வந்தார். தனியாக வரவில்லை. இரண்டு பங்காளிகளை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தார். என் பெண் நிற்கப் போகிறாள், வந்து பாருங்கள் என்று அவர்களை அழைத்திருந்தார். நான் மைதானத்து ஓரம் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து வரிசையும் கை தூக்கின, குனிந்தன, நிமிர்ந்தன. வால் இல்லை. அதிகாரி கை தட்டினார். அப்பா கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு வரிசையாகத் தேடுவதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் என்னைக் கண்டுபிடித்தது பங்காளிகளில் ஒருவர்தான். அவர் அப்பாவின் தோளைத் தொட்டுக் கை நீட்டிக் காட்டினார். நான் அப்போது ஒரு பையனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் மாட்டை அவிழ்க்கும்போது அம்மாவிடம் சொன்னார். "தண்ணி சேந்துறதுக்கு நம்ம கெணறு போதும். அதுக்கு மூணு மைலு நடக்க வேணாம்."

அதோடு பள்ளி முடிந்தது. என் புத்தகங்களை அம்மா அரிசிப் பானைக்கு மேலே இருந்த பரணில் போட்டாள்.

அது பலாப்பழக் காலம். வீட்டுக்குப் பின்னால் பலாக்கொட்டைகளைக் கழுவிக் காயவைப்போம். பிறகு மண்ணில் புதைத்து வைத்து மழைக்காலத்தில் குழம்புக்கு எடுப்போம். பள்ளியை நிறுத்திய நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கொட்டைகளைப் பரப்பும்போது எனக்கு அந்த எண் ஞாபகம் வந்தது. 221 கொட்டைகளை எண்ணி எடுத்து வைத்தேன். வரிசையாக அடுக்கினேன். வரிசைக்கு ஏழு வைத்தால் நாலு மிஞ்சியது. பதினொன்று வைத்தால் ஒன்று மிஞ்சியது. அந்த ஒற்றைக் கொட்டையை எடுத்துத் தூர எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்துவந்தேன். பன்னிரண்டு வைத்துப் பார்த்தேன். பதிமூன்று வைத்தேன். கடைசி வரிசையிலும் பதிமூன்று நிறைந்தது. கையில் கொட்டை இல்லை. வரிசைகளை எண்ணினேன். பதினேழு.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். மூன்று தடவை அடுக்கினேன். மூன்று தடவையும் ஒன்றும் மிஞ்சவில்லை. வரிசைக்குப் பதிமூன்று பேர், பதினேழு வரிசை. நான் உள்ளே நின்றிருக்கலாம். வால் வந்திருக்காது. வெளியே யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

அப்பா வந்தார். அவரிடம் காட்டினேன். "அப்பா, 221 வகுபடுதுப்பா. வாத்தியார் சொன்னது தப்பு. நான் நின்னுருக்கலாம்."

அப்பா கொட்டைகளைப் பார்த்தார். "வகுபட்டா என்னத்தா, வகுபடாட்டி என்ன. கோழி கொத்துது பாரு, அள்ளி உள்ள வையி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டு அவர்கள் பையனின் உயரத்தை யோசித்தார்கள். மூன்று இடம் தட்டிப்போனது. எந்த உயரத்துக்காக வாத்தியார் என்னைத் தள்ளினாரோ அதே உயரத்தால் கல்யாணமும் தள்ளியது. பரணிலிருந்து புத்தகத்தை எடுத்து வீட்டிலிருந்தே எட்டாவது பரீட்சை எழுதினேன். அப்போது கிராமத்துப் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாக் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அப்பாவிடம் பேசினார். மாப்பிள்ளை அமையாத பெண்ணை என்ன செய்வது என்று அப்பாவும் தெரியாமல் இருந்தார். புதுக்கோட்டையில் இரண்டு வருஷம் டிரெயினிங். முடித்ததும் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை. ஐந்தாவது வகுப்பு.

அந்த ஐந்தாவது வகுப்பை எனக்குக் கொடுத்தவர்கள் தெரிந்து கொடுத்தார்களோ தெரியாமல் கொடுத்தார்களோ, அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்க முடியாது. என் வகுப்பை முடித்த முப்பது பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் அவருடைய ஆறாவதுக்குப் போவார்கள்.

காரணியும் மடங்கும் நான் புளியங்கொட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுக்கிப் பார், நிறைந்தால் காரணி, மிஞ்சினால் இல்லை. வாய்ப்பாட்டைப் பதினாறு வரியோடு நிறுத்த விடமாட்டேன். நிறுத்துகிற பிள்ளையிடம் அடுத்தது என்ன என்று கேட்பேன். அதற்கும் அடுத்தது என்ன என்று கேட்பேன். முதல் வருஷம் அவர்களை அனுப்பும்போது ஒரே ஒரு வேலை சொன்னேன். கணக்கு வகுப்பில் பகா எண் பாடம் வரும். அப்போது யாராவது ஒருவர் எழுந்து, 221 பகா எண்ணா சார் என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்று சொன்னால், பதிமூன்றும் பதினேழும் சார் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வேறு எதுவும் பேசக் கூடாது.

அவர் ஆமாம் என்றுதான் சொன்னார். நல்ல துணிச்சலான ஒரு பெண் எழுந்து பதிலைச் சொன்னாள். பலகையில் பெருக்கிப் பார்த்தாராம். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பெருக்கல் சரியாக வந்ததும் அதை அழித்துவிட்டு, அந்தப் பெண்ணை அழைத்து இரண்டு கையிலும் பிரம்பால் அடித்திருக்கிறார். வாத்தியாரைச் சோதிக்கிறாயா என்று கேட்டு அடித்திருக்கிறார்.

மறுநாள் அவள் அம்மா என் பள்ளிக்கு வந்தாள். கூலிக்குக் களை எடுக்கிறவள். வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். நான் வெளியே போனேன்.

"டீச்சர், ஒங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டைன்னு எனக்குத் தெரியாது. ஒங்க சண்டைய நீங்க போயிப் போடுங்க. எம்புள்ள கைய எதுக்கு அனுப்புனீங்க?"

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கப் போனேன். வீங்கியிருந்தது. நான் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். அவள் அம்மா வாங்கவில்லை. அதற்காக நான் வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கப்படுகிறேன். ஆனால் நிறுத்தவில்லை. முறையை மட்டும் மாற்றினேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒருவரும் எழுந்து கேட்க வேண்டாம் என்றேன். முப்பது பேரும் அவரவர் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வருஷத்துக்கு நான் சொல்லும் எண்ணை எழுதி, பக்கத்தில் 'பகா எண்ணா?' என்று எழுதிவிட வேண்டும். நோட்டை அவர்தான் திருத்துவார். முப்பது நோட்டிலும் ஒரே கேள்வி. முப்பது பேரை அடிக்க முடியாது. அடித்தால் பெரிய வாத்தியார் வந்து ஏன் என்று கேட்பார், அப்போது இவர் எதைச் சொல்லுவார்?

இரண்டாம் வருஷம் 247. அவர் 221-ஐ மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது. முப்பது நோட்டிலும் 'ஆம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிள்ளைகள் கீழே பதிமூன்றையும் பத்தொன்பதையும் பெருக்கி எழுதி நோட்டைத் திரும்ப வைத்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் 437. பத்தொன்பதும் இருபத்து மூன்றும். இந்தத் தடவை அவர் ஒன்றும் எழுதாமல் நோட்டை ஒரு வாரம் வைத்திருந்து வெறுமனே திருப்பிக் கொடுத்தார். நாலாம் வருஷத்துக்குள் இருபத்தைந்தாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒரு அட்டையில் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறார் என்று செய்தி வந்தது. டிராயரைக் கொஞ்சமாகத் திறந்து குனிந்து பார்ப்பாராம். பிள்ளைகள் எனக்கு எல்லாம் சொல்வார்கள். கேட்க எனக்கு இனிக்கும். அந்த வருஷம் 899 அனுப்பினேன். இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும். அட்டையில் இல்லை.

ஆறாவது படிக்கிற பிள்ளைகள் அவர் எழுதுகிற எந்த விடையையும் இப்போது சும்மா நம்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஏழாவது, எட்டாவதிலும் பேச்சு பரவிவிட்டது. பையன்கள் அவருக்குப் பின்னால் ஏதோ பட்டப்பெயர் சொன்னார்கள். விசிலை இப்போதெல்லாம் அவர் வகுப்பில் ஊதுவதில்லையாம்.

ஐந்தாம் வருஷம் நான் 397 அனுப்பினேன்.

397 பகா எண். உண்மையான பகா எண். அதை என் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லியிருந்தேன், எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியிருந்தேன். இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. 397 அதற்குள் இருக்கிறது. அதற்கு இரண்டு காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது இருபதுக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இருபதைத் தாண்டினால் பெருக்கல் நானூற்றைத் தாண்டிவிடும். ஆகையால் பத்தொன்பது வரைக்கும் பார்த்தால் போதும். அதற்குள் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தேடலை நிறுத்திவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கால் மணி நேர வேலை.

அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முன்பு பதினாறோடு நிறுத்தினார். இப்போது பயத்தில் நிறுத்த முடியாமல் போய்க்கொண்டே இருந்தார். முதல் நாளே வகுப்பில், இது பகு எண்தான், எனக்குத் தெரியும், காரணியைப் பிறகு சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டார். அதன் பிறகு இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்தேழு, ஐம்பத்து மூன்று என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில், சாப்பாட்டு நேரத்தில், விடைத்தாளின் பின்பக்கத்தில் வகுத்தார். ஆறாவது வகுப்புப் பிள்ளைகள் தினமும் மரியாதையாக, "சார், காரணி கெடச்சுதா சார்?" என்று கேட்டார்கள். நான் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. அவர்களாகவே கேட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, என் பள்ளிக்கு சைக்கிளில் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. கழுத்தில் விசில் இல்லை.

"டீச்சர், நல்லாருக்கீங்களா? ஒரு விஷயம். ஒங்க புள்ளைங்க வருஷா வருஷம் ஒரு நம்பரு கொண்டு வருதுங்க. நீங்கதான் குடுத்து விடுறீங்கன்னு சொல்றாங்க. எதுக்குங்க? நான் ஒங்களுக்கு என்ன பண்ணேன்?"

என்னை அவருக்குத் தெரியவில்லை. அவர் நடிக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். நான் இத்தனை வருஷமும், 221 என்ற எண்ணைப் பார்த்ததும் அவருக்கு அந்த மைதானமும் பானையும் ஞாபகம் வரும், வந்து குத்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாகை மரம், கரும்பலகை, பகா எண், தண்ணீர்ப் பானை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"அப்படியா? அடிக்கல் விழா நெனவிருக்கு. பத்து வரிசை நல்லா வந்துச்சு. ஒரு புள்ளைய நிறுத்துனது நெனவில்லையேம்மா."

அன்றைக்கு நான் அழுதிருந்தால் என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். அழவில்லை. அவருக்கு 397-க்கு விடை வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. நானும் பேரம் பேசினேன். என் அப்பாவிடம் வந்து, அன்றைக்கு 221 பேரையும் நிறுத்தியிருக்கலாம், உங்கள் பெண்ணை வெளியே தள்ளியது என் தப்பு என்று சொல்லுங்கள், நான் விடை சொல்கிறேன் என்றேன்.  அவர் சரி என்றார்.

இருவரும் நடந்தே போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா கடலைக் காட்டில் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க வாங்க வாத்தியாரய்யா" என்றார். எனக்கு அதுவே எரிந்தது.

வாத்தியார் சுற்றி வளைக்காமல் சொன்னார். அன்றைக்குக் கணக்கில் தப்பு நடந்துவிட்டது, அந்த எண் வகுபடும், வரிசைக்குப் பதிமூன்று பேர் வைத்திருந்தால் இந்தப் பெண்ணும் நின்றிருக்கலாம் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் தப்பு என்ற வார்த்தையைச் சொன்னார். அதைச் சொல்ல வைக்க எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதுக்கு எதுக்குங்கய்யா கணக்கு? ஒரு ஆளு கூடிப்போனா ஓரமா ஒரு பக்கம் நிக்க வச்சிருக்கலாமே. முன்னாடி நின்னு கை காட்டுறதுக்கு ஒரு ஆளு வேணாமா? நெட்டையா வேற இருந்தா."

  நான் கொட்டை அடுக்கினேன், டிரெயினிங் போனேன், ஐந்து வருஷம் எண் தேடித் தேடி அனுப்பினேன், ஒரு பெண்ணுக்கு அடி வாங்கிக் கொடுத்தேன். அப்பா சொன்னது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. 221 வகுபட்டாலும் வகுபடாவிட்டாலும் நான் நின்றிருக்கலாம். என்னை வெளியே நிறுத்த அவர் ஆசைப்பட்டார், நிறுத்தினார். கணக்கு சும்மா ஒரு சாக்கு.

அப்புறம்தான் அப்பா மீது கோபம் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த மனுஷர், அன்றைக்கு மைதானத்திலேயே இரண்டு எட்டு எடுத்து வைத்து வாத்தியாரிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பங்காளிகள் முன்னால் வெட்கம். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் படிப்பை நிறுத்தினார். பலாக்கொட்டையை அடுக்கிக் காட்டியபோது கோழி கொத்துகிறது என்றார். இப்போது வாத்தியாருக்கு எடுத்துச் சொல்கிறார்.

"அத நீங்க அன்னைக்குச் சொல்லிருக்கணும்" என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் நான் தேவைக்கு மட்டும்தான் பேசினேன். அவர் சாகும்வரை அப்படித்தான் இருந்தது.

வாத்தியாரோடு வண்டிப்பாதை வரைக்கும் வந்தேன். அவர் சைக்கிளில் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. முழுக்க வகுத்தல் கணக்கு. கடைசியாக எழுபத்து மூன்றால் வகுத்து மீதி போட்டிருந்தார். பென்சிலையும் எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் சொன்னபடி சொல்லிட்டேன்மா. இப்ப நீங்க சொல்லுங்க. 397 எதுல போகும்?"

பேசிய பேச்சுப்படி நான் சொல்லியிருக்க வேண்டும். எதிலும் போகாது சார், பத்தொன்பதோடு நிறுத்தியிருக்கலாம் என்று ஒரே வாக்கியம். அவர் மறுநாள் வகுப்பில் போய்த் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பார். வாக்குத் தவறுவது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நல்லா தேடிப் பாருங்க சார்" என்றேன். "இன்னும் நெறைய நம்பரு இருக்கு."

அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். மூன்று மைலும் ஏறாமல் தள்ளிக்கொண்டு போனாரோ, பாதியில் ஏறினாரோ, நான் நின்று பார்க்கவில்லை.